எருமைக்கு வைத்திருந்த எட்டுக் குடம்

ஒரு சிமெண்டுத் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தால் எனக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்று இருபத்தொன்பதாவது வயதில் உறுதியாக நம்பினேன். படிக்காதவன் நம்பியிருந்தால் மன்னிக்கலாம். நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. அருப்புக்கோட்டையில் ஒரு டுட்டோரியலில் அந்தப் பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தவன். மனிதனுக்குத் தேவை எது, விருப்பம் எது, கையிலிருப்பது இரண்டுக்கும் போதாமல் போனால் அதற்குப் பெயர் என்ன என்று முதல் வகுப்பிலேயே கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்துப் பிரித்துக் காட்டுவேன். கோட்டுக்கு இடது பக்கம் சோறு, தண்ணீர், துணி, வீடு. வலது பக்கம் டேப்ரிக்கார்டர், கைக்கடிகாரம், சென்ட் பாட்டில்.

டுட்டோரியலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பரீட்சையில் ஒரு தடவையோ நாலு தடவையோ கோட்டை விட்டவர்கள். பாதிப் பேருக்கு என்னைவிடப் பெரிய மீசை. கண்டக்டர் வேலைக்குப் பன்னிரண்டாவது பாஸ் வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். அவர்தான் எழுந்து கேட்டார்.

“சார், கல்யாணம் எந்தப் பக்கம் சார்?”

“இடது பக்கம்” என்றேன். யோசிக்கவே இல்லை.

“சாருக்குப் பொண்ணு பாக்குறாகடோய்” என்றது பின்பெஞ்சு.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்று வருஷமாக. பெண் அமையாததற்குக் காரணம் என் மூஞ்சி என்று அம்மா நினைத்தாள். தண்ணீர் என்று நான் நினைத்தேன். என் கட்சிக்கு ஆதாரம் இருந்தது. எண்பதுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். பெரிய அதிகாரிகளுக்குக் கோபம் வந்தால் கீழே இருப்பவரை எங்கள் பக்கத்துக்குத்தான் மாற்றுவார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு, ஒரு குற்றமும் செய்யாத பெண்ணை ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது? ஒரு பெண் வீட்டார் எங்கள் தெருமுனையில் வரிசையாகக் கிடந்த காலிக் குடங்களைப் பார்த்துவிட்டு, காபிக்குக்கூட உட்காராமல், “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று திரும்பினார்கள். அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

இந்த நிலையில்தான் தாமிரபரணிக் கரையிலிருந்து ஓர் இடம் வந்தது. தரகர் வந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே விவரம் சொன்னார். பெண் டீச்சர் டிரெயினிங் முடித்திருக்கிறாள். ஜாதகம் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா, சித்தப்பா, தாய்மாமா மூன்று பேரும் வீடு பார்க்க வருகிறார்கள்.

“பொண்ணோட அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக. தண்ணி எப்படின்னு.”

“நீங்க என்ன சொன்னீக?”

“கொட்டிக் கெடக்குன்னு சொல்லிட்டேன்.”

“எங்க?”

“அது ஒங்க பாடு தம்பி” என்று இன்னொரு முறுக்கை எடுத்தார்.

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. உள்ளே வருகிற யாரும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். முப்பத்தைந்து குடம் பிடிக்கும். அந்த ஞாயிறு, கடைசியாகத் தண்ணீர் வந்து ஒன்பதாம் நாள். அதற்கு முந்தின நாள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் ஆழத்தில் கலங்கலாக ஏதோ கிடந்தது. அதை மொண்டு செடிக்கு ஊற்றிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். இனி வெறும் தொட்டி. லாரித் தண்ணீர் ஒரு லோடு கிடைக்குமா என்று பந்தல்குடி ரோட்டில் போய்க் கேட்டேன். டிரைவர், “இன்னும் நாலு நாளைக்கு லோடு சொல்லியாச்சு சார்” என்றார். கையைக் காலைப் பிடிக்கலாமா என்று பார்த்தேன். அவர் கால் உயரத்தில், ஆக்ஸிலேட்டரில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அறிவு வந்தது. கைமாத்து.

எங்கள் தெருவில் தண்ணீர் கைமாத்து உண்டு. ஒரு வீட்டில் விருந்தாள் வந்துவிட்டால், யாருக்காவது தலைக்கு ஊற்ற வேண்டியிருந்தால், பக்கத்து வீட்டில் ஒரு குடமோ இரண்டு குடமோ வாங்கிக்கொள்ளலாம். குழாயில் வந்ததும் முதல் குடத்தைக் கொண்டுபோய் ஊற்றிவிட வேண்டும். யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஒரு வீட்டில் குறைந்தால் மற்ற வீடுகள் தாங்கும் என்பதுதான் அந்த ஏற்பாடு. எல்லா வீட்டிலும் ஒரே நாளில் ஒருவனே போய் வாங்கினால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் பரீட்சித்துப் பார்த்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். என்னைப் பார்த்தாலே சிரிக்கிற தெரு அது. இழவு வீட்டில்கூட என்னைப் பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டேன். “நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வாராக” என்று ஆரம்பித்தால் போதும், குடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

“மாப்ளைய முக்கிக் குளிப்பாட்டவா இம்புட்டுத் தண்ணி?”

“அழுக்கு ரொம்ப நாளைக்குள்ளது அத்தை.”

“நாளன்னைக்கித் தண்ணி வந்துரும்ல?”

“வந்துரும், வந்துரும். வால்வுக்காரரப் பாத்துட்டுத்தான் வாரேன்.”

பதினோரு வீடு ஏறினேன். இருபத்தேழு குடம் சேர்ந்தது. தொட்டி முக்கால்வாசிக்குமேல் வந்துவிட்டது. அம்மா, “இது போதும்டா, குடிக்கவா போறாக?” என்றாள். போதாது. விளிம்பு தொட்டால்தான் கொட்டிக் கிடப்பதுபோல இருக்கும். முக்கால் தொட்டியைப் பார்த்தால் சேர்த்து வைத்த தண்ணீர் என்று தெரிந்துவிடும். இன்னும் எட்டுக் குடம் வேண்டும்.

அடுத்த வீட்டு அக்காவிடம் எட்டுக் குடம் இருந்தது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

அவர்கள் நெசவுக் குடும்பம். வீட்டுக்காரர் பகல் முழுவதும் தறியில் இருப்பார். அக்கா பின்கட்டில் ஒரு எருமை வைத்திருந்தார். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு டீக்கடைக்கும் அந்த எருமையின் பால். துணிக்கூலி வரும் வாரம், வராத வாரம் என்று தறிக்கு இரண்டு குணம் உண்டு. எருமைக்கு ஒரே குணம். காலையும் மாலையும் கறந்தது. அந்த வீட்டில் அடுப்பு தவறாமல் எரிந்தது அதனால்தான். அக்கா எங்களோடு தமிழில் பேசுவார், எருமையோடு தெலுங்கில் பேசுவார். எருமையோடு பேசும்போதுதான் குரல் இறங்கும்.

பின்கட்டில் ஒரு பெரிய அண்டா. மேலே பலகை, பலகைமேல் ஒரு கல். அந்தக் கோடையில் தெருக்கோடி உப்புக் கிணறும் சேறாகிவிட்டது. எருமைக்கென்று அக்கா நாள்கணக்குப் போட்டு அந்த அண்டாவில் சேர்த்து வைப்பார்.

“அது மாட்டுக்கு வச்சது தம்பி” என்றார்.

“தெரியும்க்கா. ஒரு நாள் கதைதான்.”

“ஒரு நாளைக்கு நாலு கொடம் குடிக்கும். இல்லாட்டிக் கறவை அப்படியே எறங்கிரும். நாளன்னைக்கித் தண்ணி உறுதிதானே?”

“உறுதிக்கா. மொதக் கொடம் ஒங்க அண்டாவுக்குத்தான்.”

அக்கா எருமையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யாரைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரோ, கல்லை எடுத்துக் கீழே வைத்தார்.

“போயி நல்லபடியாப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க. இன்னைக்குப் பொழுதுக்கு ஒரு கொடம் மட்டும் எடுத்துக்கிடுதேன். நாளைக்குத் தெருவுல யாருகிட்டயாவது வாங்கிக்கலாம்.”

தெருவில் யாரிடமும் இல்லை என்பது அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஏழு குடம் மொண்டேன். தொட்டி விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. சரி, ஒரு விரலை யார் அளக்கப் போகிறார்கள்.

ஞாயிறு பதினோரு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தொட்டியைத் தாண்டி வரும்போது மூன்று தலையும் அந்தப் பக்கம் திரும்பும் என்று எதிர்பார்த்து ஓரமாக நின்றேன். ஒரு தலையும் திரும்பவில்லை. ஆற்றுக் கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைப் பார்ப்பது காற்றைப் பார்ப்பது மாதிரி. எனக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. இருபத்தேழும் ஏழும் முப்பத்துநாலு குடம், பன்னிரண்டு வீடு, ஒருவரும் பார்க்கவில்லை என்றால் என்ன நியாயம்?

“வெயில்ல வந்துருக்கீக. ஒரு குளி குளிச்சிருங்க” என்றேன்.

பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “வேண்டாம் தம்பி. காலையிலயே ஆத்துல முங்கிட்டுத்தான் பஸ் ஏறுனோம்.”

“அதெப்படி? தண்ணி கொட்டிக் கெடக்கு.”

“இல்ல தம்பி, முகம் கழுவுனாப் போதும்.”

“எங்க வீட்டுக்கு வந்துட்டுக் குளிக்காமப் போனா எங்களுக்கு மரியாதையா இருக்காது” என்று புதிதாக ஒரு சம்பிரதாயத்தை அந்த இடத்திலேயே உற்பத்தி செய்தேன். துண்டை எடுத்து அவர் தோளிலேயே போட்டேன். அம்மா அடுக்களையிலிருந்து கண்ணால் எரித்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெண்ணின் அப்பா இரண்டு வாளியோடு முடித்துக்கொண்டார். சித்தப்பா செம்பை வாங்கினார். ஆற்றில் குளிக்கிறவர்களுக்குச் செம்பு என்பது ஒரு அவமானம் போலிருக்கிறது. பழிவாங்குகிற மாதிரி மொண்டு மொண்டு ஊற்றினார். தாய்மாமா, “நல்ல குளுமையா இருக்குவே” என்று சொல்லிக்கொண்டே தலைக்கு ஊற்றினார், நெஞ்சுக்கு ஊற்றினார், நின்றிருந்த தரைக்கும் ஊற்றினார். சோப்பு நுரை முற்றத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. கைமாத்துக் கொடுத்த அத்தைகள் இரண்டு பேர் வாசலில் நின்று தங்கள் தண்ணீர் போவதைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். ஒருவர்கூடத் திருப்பிச் சிரிக்கவில்லை. அந்தத் தெருவில் எனக்கு அது முதல் தடவை.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது பெண்ணின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மாப்ளே.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

“நான் திருச்சுழிப் பக்கம் மூணு வருசம் சர்வேயரா இருந்தவன். இந்தப் பக்கத்துத் தண்ணி எனக்குத் தெரியும். எத்தன வீட்டுத் தண்ணி அது?”

வெற்றிலைத் தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

“ஒங்க போட்டோவப் பாத்துட்டுப் பொண்ணு சரின்னுட்டா. அது ஆச்சு ரெண்டு வாரம். அவ அம்மா சும்மா ஒரு பேச்சுக்குத் தண்ணியக் கேட்டா. இன்னைக்கு நாங்க சாப்பிட மட்டுந்தான் வந்தோம். நான் வேண்டாம் வேண்டாம்னு சொன்னம்லா? துண்டத் தோளுல போட்டுட்டீங்க. அப்புறம் நான் என்ன செய்ய?”

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து தொட்டியைப் பார்த்தேன். இரண்டு குடம் தேறும். ஒன்றை அக்காவுக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். எருமை ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, “அப்புறம்?” என்பதுபோல என்னைப் பார்த்தது.

திங்கட்கிழமை தண்ணீர் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரம் முறுக்கு, மீசை, நுரை என்று சொல்லிக்கொண்டு வந்ததே இதைத் தள்ளிப்போடத்தான். சனிக்கிழமை மத்தியானம், குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரரை நான் பார்த்தது உண்மை. வீடு வீடாக ஏறுவதற்கு முன்பே பார்த்தேன். திங்கட்கிழமை தண்ணீர் வருமா என்று கேட்டேன். அவர் சைக்கிளை நிறுத்தி, “ஆத்து மோட்டாரு காயில் எரிஞ்சு போச்சு சார். கழட்டி மதுரைக்கு அனுப்பிருக்கு. என்னைக்கு வரும்னு சொல்ல முடியாது” என்றார். அதைக் கேட்டுக்கொண்டுதான் முதல் வீட்டுப் படி ஏறினேன். பார்த்துவிட்டு வருகிறேன் என்று பன்னிரண்டு வீட்டிலும் சொன்னேன். அவர் சொன்னதை ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் யாரும் கொடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

வீட்டுக்கு இருந்த தண்ணீரில் மிச்சம் பிடித்து எருமைக்கு ஊற்றியும் போதாமல், செவ்வாய்க்கிழமை அக்கா தெருவில் கைமாத்துக் கேட்டுப் போனார். வீடு வீடாக நின்று நின்று, வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார். “எல்லா வீட்லயும் தம்பி வாங்கிருக்காகளாம்” என்று அம்மாவிடம் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னார். நான் உள்ளறையில் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று அம்மா பிறகு சொன்னாள்.

புதன்கிழமை டுட்டோரியலுக்கு மட்டம் போட்டேன். ஊருக்கு வெளியே மூன்று மைலில் ஒரு பம்புசெட்டுத் தோட்டம். ஐயா சாமி என்று கெஞ்சி, சைக்கிளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குடம் கட்டிக்கொண்டு வந்தேன். முதல் நடையில் ரயில்வே கேட் மேட்டில் சைக்கிளோடு சாய்ந்தேன். எனக்கு முழங்கை, குடத்துக்கு இடுப்பு, இரண்டும் ஒடுங்கின. இரண்டாவது நடையில் கொண்டுவந்து சேர்த்தது ஒன்றரைக் குடம். அதை எருமை குடிக்க எடுத்துக்கொண்ட நேரம், நான் மூச்சு வாங்கி நிமிரும் நேரம்கூட இல்லை. மூன்றாவது நடைக்குப் போனபோது தோட்டக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டார். கரண்டு போய்விட்டது என்றார். என் மூஞ்சியைப் பார்த்ததில் அவருக்குக் கரண்டு போயிருக்கலாம்.

“எதுக்குத் தம்பி இவ்வளவு பாடு?” என்றார் அக்கா. “கல்யாணம் நிச்சயமாயிருக்கு. கை கால ஒடிச்சுக்கிடாதீக.”

அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் பால் போகவில்லை. வியாழக்கிழமை, பன்னிரண்டு வீட்டில் நாலு வீட்டுக்குத்தான் போயிற்று. எருமையின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அதைவிட, அது கத்துவது. தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து பின்கட்டில் நின்றார். இரண்டு பேரும் தெலுங்கில் கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். வார்த்தை புரியவில்லை. என்ன பேசினார்கள் என்று புரிந்தது.

அன்று டுட்டோரியலில் அதே பாடத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. கரும்பலகையில் கோடு கிழித்தேன். இடது பக்கம் சோறு என்று எழுதினேன், தண்ணீர் என்று எழுதினேன். அதற்குமேல் சாக்பீஸ் நகரவில்லை. “தலைவலி” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வேலைக்குப் படிப்பவர், “சாருக்குக் கல்யாணக் கனவு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பழக்கதோஷம்.

வெள்ளிக்கிழமை காலை எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் தோட்டத்துக் கிணற்றில் இன்னும் தண்ணீர் இருந்தது. எருமையின் பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார், “ரொம்ப வாடிப்போச்சும்மா” என்றார். கோடையில் எல்லாரும் விற்கிற நேரம் வாங்குகிறவன் சொல்வதுதான் விலை. இதற்கும் என் பாடத்தில் ஒரு அத்தியாயம் உண்டு. அக்கா பேரம் பேசவில்லை. “தண்ணி உண்டுல்ல?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். மெயின்ரோடு வரைக்கும் கூடவே நடந்தார். நானும் பின்னால் போனேன், எதற்கென்று தெரியாமல். ரோட்டில் கயிறு கை மாறும்போது எருமையின் காதுக்குப் பக்கத்தில் தெலுங்கில் ஏதோ சொன்னார்.

“என்னக்கா சொன்னீக?”

“ஒண்ணுமில்ல. நல்லாத் தண்ணி குடின்னு சொன்னேன்.”

சொல்லிவிடலாம் என்று அப்போது வாய் வரைக்கும் வந்தது. அக்கா முந்தானையை உதறிக்கொண்டு திரும்பி நடந்தார். நான் இரண்டடி பின்னால் நடந்தேன். வீடு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. முதல் குடத்தை அக்காவின் அண்டாவில் ஊற்றினேன். ஏழாவது குடம் ஊற்றும்போது அக்கா வந்து, “போதும் தம்பி, இனி இதுக்கு யாரு இருக்கா?” என்றார். மற்ற பதினோரு வீட்டுக்கும் ஊற்றி முடிக்க மத்தியானம் ஆயிற்று.

ஆவணியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா வந்திருந்தார், மொய் எழுதினார், பாயசம் நன்றாக இருக்கிறது என்றார். அவர் அதற்குப் பிறகு எருமை வாங்கவில்லை. தை பிறந்ததும் நூல் மில்லில் கூலிக்குப் போக ஆரம்பித்தார். ஏழெட்டு வருஷம் அடுத்த வீட்டிலேயே இருந்தோம். மோட்டார் எரிந்தது சனிக்கிழமையே எனக்குத் தெரியும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.